தம்பி பாராமெடிக் கோர்ஸ் சேரணும்ங்கறான், ஏஜெண்ட் சொல்றத நம்பலாமா? லைசென்ஸ் உண்மையில யார் குடுக்கறாங்க?

செந்தூல்_அக்கா:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிட்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

என் தம்பி எஸ்பிஎம் (பள்ளியோட கடைசி அரசாங்க பரிட்சை) முடிச்சிட்டான். பிஎம் (மலாய் மொழி), மேத்ஸ், சயின்ஸ் எல்லாம் கிரெடிட், இங்கிலீஷ் பாஸ். இப்ப மோட்டார்ல சாப்பாடு டெலிவரி ஓட்டறான். நாங்க இருக்கறது மலேசியாவுல, கேஎல்ல (கோலாலம்பூர்) செந்தூல் பக்கம் ஒரு பிபிஆர் (கவர்மெண்ட் மலிவு வீடு) பிளாட், 11வது மாடி. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து அப்படியே சாஞ்சிட்டாரு. பதட்டத்துல 999க்கு அடிக்காம, பக்கத்து வீட்டு அங்கிள் குடுத்த ஒரு பிரைவேட் ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சிட்டோம். வந்த ரெண்டு பையனுங்க சட்டை முதுகுல பெருசா பாராமெடிக்னு எழுதியிருந்துச்சு. ஆனா அவங்களுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. ஆக்சிஜன் மாஸ்க்க மாட்டிவிட்டுட்டு சிலிண்டர திறந்தா காத்தே வரல, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கறானுங்க. நான் கத்தினப்பறம்தான் தூக்கிக்கிட்டு ஓடினாங்க.

ஆஸ்பத்திரி எமெர்ஜென்சி வாசல்ல ஒரு எம்ஏ (மெடிக்கல் அசிஸ்டண்ட்) வந்தாரு. அவரு செஞ்சத தம்பி இன்னிக்கும் சொல்லிக்கிட்டே இருப்பான். ஒரு கை அப்பா மணிக்கட்டுல, இன்னொரு கையால தாடைய தூக்கி வாய திறந்து பாத்துட்டு ஆடிக்கிட்டிருந்த பல்செட்ட எடுத்தாரு. எடுத்தத ஒரு கிளவுசுக்குள்ள போட்டு முடிச்சு போட்டு தம்பி கையில குடுத்து, பத்திரமா வச்சிரு, அப்பா சாப்பிடறப்ப வேணும்னாரு. அவ்ளோ அவசரத்துலயும் அப்படி ஒரு வார்த்தை. அப்பா பொழைச்சிட்டாரு, இப்ப மருந்தோட நல்லா இருக்காரு. அன்னியிலருந்து தம்பிக்கு ஒரே ஆசை, நானும் அந்த மாதிரி ஆகணும்னு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் ஒரு கல்வி கண்காட்சியில ஒரு ஏஜெண்ட் புடிச்சுக்கிட்டாரு. 18 மாச சர்டிபிகேட், மொத்தம் 19,500 வெள்ளி (ரிங்கிட்), முடிச்ச உடனே லைசென்ஸ் உள்ள பாராமெடிக், சர்வதேச சர்டிபிகேட்டும் உண்டு, ஆஸ்திரேலியா கூட போகலாம்னு சொல்றாரு. இடம் புடிக்க 500 வெள்ளி இந்த வாரத்துக்குள்ள கட்டணுமாம். அம்மா நகைய அடகு வைக்க ரெடியா இருக்காங்க. எனக்குத்தான் மனசு ஒப்பல. டாக்டருக்கு எம்எம்சி (மெடிக்கல் கவுன்சில்) இருக்கற மாதிரி பாராமெடிக்குக்கு கவர்மெண்ட்ல யார் லைசென்ஸ் குடுக்கறாங்க? எங்க போய் செக் பண்ணலாம்?

•

பிரிக்பீல்ட்ஸ்_ரவி:

அக்கா முதல்ல அந்த 500 வெள்ளிய கட்டாதீங்க. நல்ல கோர்ஸா இருந்தா அடுத்த வாரமும் இடம் இருக்கும். எம்கியூஏ, அதான் கோர்சுக்கு அங்கீகாரம் குடுக்கற கவர்மெண்ட் அமைப்பு, அதோட வெப்சைட்ல எம்கியூஆர்னு ஒரு பதிவேடு இருக்கு, நாட்டுல அங்கீகாரம் கிடைச்ச கோர்ஸ் எல்லாம் அதுல இருக்கும். காலேஜ் பேர மட்டும் தேடாதீங்க, காலேஜ் நல்ல காலேஜா இருக்கும், ஆனா இந்த ஒரு கோர்ஸ் மட்டும் லிஸ்ட்ல இருக்காது. கோர்ஸ் பேரு ஒரு எழுத்து மாறாம இருக்கான்னு பாருங்க. மத்தது இந்த துறையில உள்ளவங்க சொல்லுவாங்க.

•

ஓய்வு_எம்ஏ_பினாங்கு:

தங்கச்சி, நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில எம்ஏவா வேல செஞ்சு ரிட்டையர் ஆனவன். பாதி சர்வீஸ் எமெர்ஜென்சியிலயும் ஆம்புலன்ஸ்லயும்தான். உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்றேன். மலேசியாவுல பாராமெடிக்னு பேர் போட்டு ஒரு தனி லைசென்ஸ் கிடையாது. அந்த வார்த்தைக்குன்னு தனி சட்டம் இல்ல, தனி போர்டும் இல்ல. அதனாலதான் அந்த பையனுங்க முதுகுல யார் வேணா அத அச்சடிக்க முடிஞ்சது.

இன்னொரு குழப்பமும் இருக்கு. நம்ம ஊர் மலாய் பேப்பர்ல பாராமெடிக்னு எழுதினா நர்சு, எம்ஏ, எக்ஸ்ரே எடுக்கறவரு எல்லாத்தையும் சேத்து சொல்லுவாங்க. வெளிநாட்டுல அந்த வார்த்தைக்கு ஆம்புலன்ஸ்ல வர்றவருன்னுதான் அர்த்தம். ஏஜெண்டுக்கு இந்த ரெண்டு அர்த்தத்துக்கு நடுவுல நல்ல இடம் கிடைச்சிடுது.

உங்க தம்பி ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தாரே, அந்த ஆளோட பதவிக்கு இப்ப சரியான பேரு பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான், சுருக்கமா பிபிபி. ஜனங்க இன்னும் எம்ஏன்னுதான் கூப்பிடறாங்க, எனக்கும் அதுதான் புடிக்கும். அவருக்கு சட்டம் இருக்கு, 1977ல வந்த மெடிக்கல் அசிஸ்டண்ட் பதிவுச் சட்டம், ஆக்ட் 180. அதுக்கு கீழ ஒரு லெம்பாகா, அதாவது போர்டு, லெம்பாகா பெம்பாந்து பெருபாத்தான். அந்த லெம்பாகா ஏத்துக்கிட்ட 3 வருஷ டிப்ளோமா படிச்சு, அதோட பதிவேட்டுல பேர் ஏறினாத்தான் அந்த வேலைய செய்யலாம். நர்சுக்கு அதே மாதிரி 1950 சட்டம், ஆக்ட் 14, அவங்களுக்கு லெம்பாகா ஜுருராவாட். பிசியோ, டயட்டீஷியன் மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப நாளா ஒண்ணும் இல்லாம இருந்து 2016லதான் ஆக்ட் 774 வந்துச்சு.

அதனால ஏஜெண்ட்கிட்ட பாராமெடிக் லைசென்ஸ் உண்டான்னு கேக்காதீங்க, உண்டுன்னுதான் சொல்லுவாரு. இத படிச்சு முடிச்சா ஆக்ட் 180 கீழ என் தம்பி பேர் பதிய முடியுமா, முடியும்னா எழுத்துல குடுங்கன்னு கேளுங்க. 18 மாச சர்டிபிகேட்டுக்கு அவரால எழுதித் தர முடியாது. எம்ஏ படிப்பு டிப்ளோமா, மூணு வருஷம், அதுல குறுக்கு வழி இல்ல.

எங்க அப்பா கெடாவுல ஒரு ரப்பர் தோட்டத்துல டிரஸ்ஸரா இருந்தவரு. தோட்டத்து ஆஸ்பத்திரின்னா தகரக் கூரை, ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி. டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவ வருவாரு, மத்த நாள்ல பிரசவமோ பாம்புக்கடியோ பால் வெட்டற கத்தி காலுல எறங்கினதோ எல்லாம் அப்பாதான். லயத்து ஜனங்க அவர டாக்டர் ஐயான்னே கூப்பிடுவாங்க, அவரு டாக்டர் இல்லன்னு திருத்திக்கிட்டே இருப்பாரு. தோட்டத்துல வேல செய்யற டிரஸ்ஸருங்களுக்குன்னே 1965ல தனியா ஒரு பதிவுச் சட்டம் வந்துச்சு, ஆக்ட் 435, எஸ்டேட் ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட் சட்டம். அதுல பேர் பதிஞ்ச தாள அப்பா கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டி வச்சிருந்தாரு, முருகன் படத்துக்குப் பக்கத்துல. சின்ன வயசுல எனக்கு அது ஒரு தாளுன்னுதான் தெரியும். நான் இந்த வேலைக்கு வந்தப்பறம்தான் புரிஞ்சுது, கையில ஒரு உயிர் போனா பதில் சொல்ல வேண்டிய ஆளு இவருதான்னு அந்த தாள் சொல்லுதுன்னு.

அந்த பல்செட் விஷயம் சொன்னீங்களே, அதப் பத்தி ஒண்ணு. அத எல்லாருக்கும் எடுக்கறது இல்ல. ஈறுல கெட்டியா உக்காந்திருந்தா விட்டுடுவோம், ஏன்னா கன்னம் உள்ள போகாம நிக்கும், அம்பு பேக் (கையால அமுக்கி காத்து குடுக்கற பை) மாஸ்க் மூஞ்சியில காத்து கசியாம நல்லா படியும். ஆடினா மட்டும் எடுக்கணும், இல்லன்னா தொண்டைக்குள்ள போயிடும். மாஸ்க்க புடிக்கறதுலயே ஒரு பழக்கம் இருக்கு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க் மேல வளைச்சு அமுக்கணும், மத்த மூணு விரலும் தாடை எலும்புக்கு கீழ போயி தாடையத் தூக்கணும், தொண்டை சதைய அமுக்கக் கூடாது. பொம்மையில நூறு தடவ செஞ்சாலும் மனுஷ மூஞ்சியில முதல் தடவ கை வழுக்கும், வேர்வை, தாடி, ரத்தம் எல்லாம் இருக்கும். அதுக்குத்தான் மூணு வருஷத்துல பாதி வார்டுலயும் எமெர்ஜென்சியிலயும் நிக்க வைக்கறாங்க. உங்க வீட்டுக்கு வந்த பையனுங்க மேல எனக்கு கோவம் இல்ல, அவங்கள பாதி கத்துக் குடுத்து அனுப்புன ஆளுங்க மேலதான் கோவம். சிலிண்டர் அளவ ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப பாக்கணும்ங்கறது முதல் நாள் பாடம்.

•

செந்தூல்_அக்கா:

ஐயா ரொம்ப நன்றி, படிச்சிட்டு அம்மாவுக்கு சத்தமா படிச்சுக் காட்டினேன். அப்பாவும் கேட்டுட்டு பல்செட்ட தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

நீங்க சொன்ன மாதிரியே ஏஜெண்ட்கிட்ட வாட்சப்ல கேட்டேன், ஆக்ட் 180 கீழ பதிய முடியுமான்னு. முதல்ல அமைச்சு அங்கீகாரம் உண்டுன்னாரு. எந்த அமைச்சு, எந்த கடுதாசின்னு கேட்டதுக்கு அப்பறம் இது ஸ்கில்ஸ் சர்டிபிகேட், ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்ல, ஆம்புலன்ஸ் கம்பெனியெல்லாம் நேரடியா எடுத்துக்குவாங்கன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. அப்பறம் சர்வதேச சர்டிபிகேட்னா பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் கார்டாம். அது லைசென்ஸ் மாதிரிதானாம். இது உண்மையா? ஆஸ்திரேலியா போகலாம்னு சொல்றதுல ஏதாவது இருக்கா? தம்பி அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்து கெடக்கான்.

•

பிஜே_லெக்சரர்:

நான் ஒரு காலேஜுல ஹெல்த் சயின்ஸ் பாடம் எடுக்கறேன், வெளிநாட்டு விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன்.

பிஎல்எஸ் (அடிப்படை உயிர் காக்கும் பயிற்சி), ஏசிஎல்எஸ் (அதுக்கு அடுத்த கட்ட இதய அவசரப் பயிற்சி) ரெண்டும் நல்ல கோர்ஸ், டாக்டரே எடுக்கறாங்க. ஆனா அது ஒரு நாள் ரெண்டு நாள் பயிற்சி முடிச்சதுக்கான கார்டு, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டுன்னா 2 வருஷத்துல காலாவதி ஆயிடும். இன்ன பயிற்சிய முடிச்சாருன்னுதான் அதுக்கு அர்த்தம், தொழில் செய்யற உரிமை அதுல வராது. அத லைசென்ஸ்னு சொல்றது கார் கழுவற ரசீத டிரைவிங் லைசென்ஸ்னு காட்டற மாதிரி.

ஆஸ்திரேலியாவுல முன்னால ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி இருந்துச்சு. 2018 டிசம்பர் 1லருந்து நாடு முழுக்க ஒரே பதிவு, பாராமெடிசின் போர்டுன்னு ஒண்ணு ஆப்ரா (சுகாதாரத் தொழில் பதிவு பாக்கற அமைப்பு) கூட சேந்து நடத்துது. அங்க பேர் பதியாத ஆளு தன்ன பாராமெடிக்னு சொல்லிக்கிட்டாலே குத்தம், அந்த வார்த்தையையே சட்டம் காவல் காக்குது. உள்ள போற வழி பொதுவா மூணு வருஷ டிகிரி. இங்கிலாந்துல எச்சிபிசின்னு ஒரு அமைப்பு, 2021 செப்டம்பர்லருந்து புதுசா பதியற பாராமெடிக்குக்கு டிகிரி அளவு படிப்புதான் குறைஞ்சபட்சம்னு வச்சிட்டாங்க.

அமெரிக்கா இன்னும் வேற. அங்க தேசிய அளவுல பரிட்சை வைக்கற ஒரு ரெஜிஸ்ட்ரி 1970லருந்து இருக்கு, ஆனா லைசென்ஸ் குடுக்கறது அந்தந்த மாநில அரசாங்கம்தான். ரெஜிஸ்ட்ரி பாஸ் பண்ணிட்டேன்னு டெக்சஸ்காரர் கலிபோர்னியாவுல போய் நேரா ஆம்புலன்ஸ்ல ஏற முடியாது, அந்த மாநில ஆபீஸ் தனியா பேப்பர் பாத்து விடணும். நாலு படி வேற இருக்கு, முதல் உதவி ஆளு, இஎம்டி (எமெர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்), அதுக்கு மேல அட்வான்ஸ்டு இஎம்டி, உச்சியில பாராமெடிக். படிக்கு படி என்ன மருந்து குடுக்கலாம், தொண்டையில குழாய் விடலாமா கூடாதாங்கறது மாறும். 2013லருந்து அங்கீகாரம் உள்ள பள்ளியில படிச்சவங்க மட்டும்தான் அந்த பாராமெடிக் பரிட்சையிலயே உக்கார முடியும். பாஸ் பண்ணாலும் 2 வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், அதுக்குள்ள தொடர் பயிற்சி மணி நேரம் காட்டணும். எமெர்ஜென்சி மெடிசின் வளர வளர கத்துக்கிட்டது பழசாயிடும், இதயம் நின்னவருக்கு நெஞ்ச அழுத்தற விதம்கூட என் காலத்துலயே எத்தனையோ தடவ மாறியாச்சு, அதனால இந்த விதி எனக்கு ரொம்ப சரின்னு படுது.

உங்க தம்பி ஒரு நாள் ஆஸ்திரேலியா போகணும்னு ஆசைப்பட்டா தப்பே இல்ல. இங்க எம்ஏ டிப்ளோமா படிச்சு, லெம்பாகாவுல பேர் பதிஞ்சு, கொஞ்ச வருஷம் எமெர்ஜென்சியில நின்னு, அப்பறம் டிகிரின்னு போகலாம். நேரம் ஆகும். ஆனா ஒவ்வொரு படியிலயும் கையில ஒரு உண்மையான தாள் இருக்கும்.

•

பட்டர்வொர்த்_வொலண்டியர்:

எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா எனக்கு மனசுல ஒண்ணு உறுத்துது, சொல்லிடறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

நான் பகல்ல பிறையில பேக்டரி, வாரத்துல ரெண்டு ராத்திரி தொண்டூழிய ஆம்புலன்ஸ். சம்பளம் இல்ல, டீ காசு குடுத்தா உண்டு. பாலத்துல மோட்டார் விழுந்தா, 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலத்துல நடுவுல ஒருத்தன் கெடந்தா, பல நேரம் முதல்ல போய் நிக்கறது எங்கள மாதிரி ஆளுங்கதான். கேஎல் பக்கமும் அப்படித்தான், 999ல கூப்பிட்டா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் மட்டும் இல்ல, செயிண்ட் ஜான், பூலான் சாபிட் மேரா (ரெட் கிரசெண்ட்), ஏபிஎம் (சிவில் டிபென்ஸ்) எல்லாரும் ஓடறாங்க. அதுல இருக்கற எல்லாரும் ஆக்ட் 180ல பேர் பதிஞ்ச எம்ஏ இல்ல. எம்ஏ மட்டும்தான் ஏறணும்னு சொன்னா நாளைக்கு பாதி வண்டி ஷெட்டுலதான் நிக்கும்.

போன மழை காலத்துல ஒரு ராத்திரி. ஒரு பாட்டி, பிளாட் வீடு, லிப்ட் ரிப்பேர், ஏழு மாடி. ஸ்ட்ரெச்சர் படியில திரும்பாது, அதனால நாற்காலியில பெல்ட் போட்டு உக்கார வச்சு, ஒருத்தன் தலைமாட்டுல, ஒருத்தன் கால்மாட்டுல, நான் கீழ பின்பக்கமா எறங்கறேன். மூணாவது மாடியில பாட்டி மூச்சு விடறது மாறுது. அந்த எடத்துலயே தரையில போட்டு நெஞ்ச அழுத்த ஆரம்பிச்சோம், நிமிஷத்துக்கு 100லருந்து 120, அஞ்சு சென்டிமீட்டர் ஆழம், எண்ணிக்கிட்டே. ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆள் மாத்தினோம், அதுக்கு மேல ஒருத்தரே செஞ்சா கை தளந்து ஆழம் கொறைஞ்சிடும், செய்யறவனுக்கே அது தெரியாது. பக்கத்து வீட்டு சீனத்து ஆன்ட்டி டார்ச் புடிச்சாங்க. ஏஇடி (இதயத்துக்கு ஷாக் குடுக்கற மெஷின்) ஒட்டினோம், ஷாக் குடுக்க சொல்லல. எம்ஏ வண்டி வர்ற வரைக்கும் விடல. பாட்டி பொழைக்கல. ஆனா நாங்க செஞ்சதுல தப்பு இல்லன்னு அந்த எம்ஏ தோள தட்டி சொன்னாரு, அது எனக்கு போதும்.

நான் கேக்கறது என்னன்னா, எங்களுக்கு எங்க பதிவேடு? அழுத்த தெரிஞ்ச நானும், சிலிண்டர் அளவ பாக்க தெரியாத அந்த பையனும் சட்டத்து கண்ணுல ஒரே ஆளு. நான் எத்தன கோர்ஸ் போனாலும் எங்கயும் ஏறாது, அவன் ஒண்ணும் போகலன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அமெரிக்காவுல நாலு படி இருக்குன்னு அந்த லெக்சரர் அக்கா சொன்னாங்களே, அதுல கீழ் படி ஒண்ணு இங்க இருந்தா எங்களுக்கு பரிட்சை வைங்க, பேர் எழுதுங்க, தப்பு பண்ணா பேர எடுங்க, நாங்க ரெடி.

•

ஓய்வு_எம்ஏ_பினாங்கு:

தம்பி பட்டர்வொர்த், நீங்க சொன்னத ரெண்டு தடவ படிச்சேன். மூணாவது மாடி படியில முட்டி போட்டு அழுத்தறது எவ்ளோ கஷ்டம்னு எனக்கு தெரியும், முட்டிக்கு கீழ தோல் உரிஞ்சிடும். நான் முன்னால எழுதினதுல உங்கள மாதிரி ஆளுங்கள பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், விட்டுட்டேன்.

இதயம் நின்னா ஒண்ணும் செய்யாம போற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பொழைக்கற வாய்ப்பு 7லருந்து 10 சதவீதம் வரைக்கும் குறையும். எங்க வண்டி ஜெலுத்தோங் டிராபிக்ல நிக்கறப்ப நீங்க அங்க இருக்கீங்க. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. எல்லா வண்டியிலயும் எம்ஏ வேணும்னு நான் சொல்லல. அழுத்தறது, ஏஇடி, ரத்தம் நிறுத்தறது, கழுத்து ஆடாம புடிக்கறது, இதெல்லாம் நல்லா பழகின யாரும் செய்யலாம், செய்யணும். ஊசி, மருந்து, தொண்டைக் குழாய், அங்கதான் கோடு. அந்த கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு பதிவு பெற்ற ஆளு இருக்கணும், அவருக்கு மேல ஒரு எமெர்ஜென்சி டாக்டர் எழுதிக் குடுத்த புரொட்டொகோல் இருக்கணும்.

ஆனா கீழ் படிக்கும் பதிவேடு வேணும்னு நீங்க கேக்கறது நியாயம். எங்க அப்பா காலத்து டிரஸ்ஸருங்க கதையும் இதுதான். வேல செஞ்சுக்கிட்டே இருந்தாங்க, தோட்டத்துக்கு தோட்டம் ஒருத்தர் நல்லா தெரிஞ்சவரு, ஒருத்தர் அரைகுறை. சட்டம் வந்தப்பறம்தான் யாரு யாருன்னு பிரிஞ்சது. தோட்டத்து கூலிக்கே அந்த பாதுகாப்ப 1965ல குடுத்திருக்காங்க. இன்னிக்கு கேஎல்ல பிளாட்டுல இருக்கறவங்களுக்கு, வீட்டு வாசலுக்கு வர்ற ஆம்புலன்ஸ்ல உக்காந்திருக்கறது யாருன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கணும். முதுகுல ஒரு வார்த்தை எழுதறதுக்கு முன்னால அந்த வார்த்தைக்கு ஒரு பரிட்சையும் ஒரு நம்பரும் இருக்கணும். ஆஸ்திரேலியாவே 2018லதான் அத செஞ்சிருக்கு, நம்மாலயும் முடியும். இத எழுதறப்ப எனக்கு கை நடுங்குது, ஏன்னா அந்த சிலிண்டர் காலியா இருந்த வீட்டுக்குள்ள இருந்தது இந்த தங்கச்சியோட அப்பா.

தங்கச்சி, தம்பி விஷயத்துக்கு வர்றேன். கேகேஎம் (சுகாதார அமைச்சு) சொந்த பயிற்சி காலேஜ் வச்சிருக்கு, பேராவுல உலு கிந்தாவுல ஒண்ணு, செரம்பான்ல ஒண்ணு, அதுக்கு விளம்பரம் வர்றப்ப கட்டாயம் மனு போட சொல்லுங்க. போட்டி அதிகம், இண்டர்வியூல ஏன் இந்த வேலன்னு கேப்பாங்க. மனப்பாடம் பண்ண பதில் வேணாம், அந்த கிளவுஸ் கதைய அப்படியே சொன்னா போதும். கிடைக்கலன்னா பிரைவேட் காலேஜ்லயும் எம்ஏ டிப்ளோமா உண்டு. எம்கியூஏ பதிவேட்டுல இருக்கான்னு பாருங்க, அதோட நிறுத்தாம லெம்பாகா ஏத்துக்கிட்டதான்னும் பாருங்க, ரெண்டும் வேணும், ஒண்ணு இருந்து ஒண்ணு இல்லாம மாட்டிக்கிட்ட பிள்ளைங்கள எனக்குத் தெரியும். டிப்ளோமா முடிச்சா கவர்மெண்ட் வேல தானா வரும்னு யாராவது சொன்னா அதையும் நம்பாதீங்க, பதிவு வேற, வேல வேற.

காத்திருக்கற மாசத்துல அவன் சும்மா இருக்க வேணாம். செயிண்ட் ஜான்லயோ பூலான் சாபிட் மேராவுலயோ சேந்து முதல் உதவி கத்துக்கட்டும். ராத்திரி ஷிப்ட் நாலு போனா தெரிஞ்சிடும் இந்த வேல அவனுக்கு ஒத்து வருமான்னு. வாந்தி, மூத்திரம், அழற குடும்பம், குடிச்சிட்டு அடிக்க வர்ற ஆளு, எல்லாம் இருக்கும். அத பாத்துட்டும் வேணும்னு சொன்னான்னா அந்த பையன படிக்க வைங்க.

•

பிரிக்பீல்ட்ஸ்_ரவி:

ஐயா சொன்னதோட ஒரு சின்ன விஷயம், யாருக்காவது உதவும். வீட்டுல உள்ள எல்லார் போன்லயும் 999 மட்டும்தான்னு சொல்லி வைங்க. அங்க அடிச்சா கேகேஎம் எமெர்ஜென்சி கால் சென்டருக்கு மாத்தி விடுவாங்க, வண்டி வர்ற வரைக்கும் போன்லயே எப்படி அழுத்தணும்னு சொல்லிக் குடுப்பாங்க. அட்ரஸ் சொல்றப்ப பிளாக், மாடி, பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க, ஒருத்தர் கீழ கேட்டுல போயி நில்லுங்க, லிப்ட்ட கீழ புடிச்சு வைங்க.

•

பட்டர்வொர்த்_வொலண்டியர்:

ஐயா, நீங்க எழுதினத எங்க டீம் குரூப்புல போட்டேன், எல்லாரும் படிச்சாங்க. நன்றி ஐயா.

செந்தூல் அக்கா, தம்பி எப்பவாவது பினாங்கு பக்கம் வந்தா சொல்லுங்க, அனுமதி வாங்கி ஒரு ராத்திரி ஸ்டேஷன்ல உக்காந்து பாக்க ஏற்பாடு பண்றேன். வண்டியில ஏற முடியாது, ஆனா ஷிப்ட் ஆரம்பிக்கறப்ப சாமான் செக் பண்றத பாக்கலாம். சிலிண்டர் மீட்டர் எப்படி படிக்கறதுன்னு நானே சொல்லித் தர்றேன்.

•

செந்தூல்_அக்கா:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி தம்பிய உக்கார வச்சு முதல்லருந்து எல்லாத்தையும் படிக்க சொன்னேன். ஆஸ்திரேலியா பத்தி படிச்சப்ப மூஞ்சி வாடிப் போச்சு, அப்பறம் பட்டர்வொர்த் அண்ணன் எழுதின பாட்டி கதைய படிச்சிட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தான். கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டான், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆள் மாத்தணும்னா வீட்டுல நான் மட்டும் இருந்தா என்ன பண்றதுன்னு. அத நீங்கதான் சொல்லணும்.

ஏஜெண்ட்டுக்கு வேணாம்னு மெசேஜ் போட்டாச்சு. அம்மா நகை பீரோவுக்குள்ள போயிடுச்சு. எம்கியூஆர்ல அந்த 18 மாச கோர்ஸ் பேர தேடினோம், வரல. இன்னொரு பிரைவேட் காலேஜ் எம்ஏ டிப்ளோமா இருந்துச்சு, அத லெம்பாகா ஏத்துக்கிட்டதான்னு திங்கக்கிழமை போன் பண்ணி கேக்கப் போறோம். கேகேஎம் விளம்பரத்துக்கு தம்பி போன்ல நோட்டிபிகேஷன் வச்சிட்டான். சனிக்கிழமை பக்கத்துலயே ஒரு முதல் உதவி வகுப்பு இருக்காம், பேர் குடுத்துட்டான், அப்பா நானும் வர்றேன்னு சொல்லிட்டாரு.

•

ஓய்வு_எம்ஏ_பினாங்கு:

தனியா இருந்தா முதல்ல போன ஸ்பீக்கர்ல போட்டு 999 அடிச்சு பக்கத்துல தரையில வைக்க சொல்லுங்க. அப்பறம் கதவ திறந்து விட்டுட்டு, அக்கம் பக்கத்துக்கு கேக்கற மாதிரி கத்திக்கிட்டே அழுத்தணும். கை முட்டி மடங்கக் கூடாது, தோள் நேரா கைக்கு மேல இருக்கணும், உடம்பு கனத்துல எறங்கணும், அப்பதான் தாங்கும். தளந்தாலும் நிறுத்தக் கூடாது. சனிக்கிழமை வகுப்புல இதையே பொம்மையில செஞ்சு பாக்க சொல்லுங்க, அப்பாவையும்.